மணத்தைப் பிடித்துவைக்கும் மெழுகு

மதுரை தல்லாகுளம் பெருமாள் கோயிலை ஒட்டிய பூக்கடைகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு மல்லிகை மொட்டை எடுத்து முகர்ந்து பாருங்கள். இளம்பச்சை வாடை லேசாக வரும், அவ்வளவுதான். அதே மொட்டு ஈரத்துணிக்குள் கிடந்து, மாலை மயங்கும் நேரத்தில் இதழ் விரிக்கும்போது கடையைத் தாண்டிச் சாலை வரைக்கும் மணக்கும். விடியலில் பறித்த பூ. செடியை விட்டு வந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் அது தன் மணத்தைத் தானே தயாரித்துக்கொண்டிருக்கிறது. மொட்டுக்குள் மணமற்ற மூலக்கூறுகள் சில, சர்க்கரையோடு பிணைந்து கிடக்கின்றன. மலரும் வேளையில் நொதிகள் அந்தப் பிணைப்பை அறுத்துவிடுகின்றன. மீதி வாசனைப் பொருட்கள் அப்போதுதான் புதிதாக உருவாகின்றன.

இப்படி உருவான மணம் காற்றுக்கு வர ஒரு கடைசி வாசலைக் கடந்தாக வேண்டும். அது மெழுகு. எந்தப் பூவிதழின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. நீர் வற்றிப்போகாமல் காப்பதற்காகச் செடி தானே பூசிக்கொண்டது. வாசனை மூலக்கூறுகள் அந்த மெழுகில் கரைந்து, அதன் ஊடே நகர்ந்து, மேற்பரப்புக்கு வந்து, பிறகே ஆவியாகப் பறக்கின்றன. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நட்டாலியா துதரேவாவின் குழு பெட்டூனியாப் பூக்களில் இதை ஆராய்ந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டது. மெழுகுப் பூச்சு மெலிந்தால் மணம் தடையில்லாமல் கூடுதலாக வெளியேறும் என்றுதான் யாரும் நினைப்போம். நடந்தது நேர்மாறு. பூச்சை மெலிதாக்கிய பூக்களில் மணம் குறைந்துவிட்டது. மெழுகு அங்கே தடுப்புச்சுவராக இருந்ததோடு, மணத்தைச் சேர்த்துவைக்கும் கிடங்காகவும் இருந்திருக்கிறது. தான் உண்டாக்கும் வாசனைப் பொருட்களின் நச்சிலிருந்து பூவின் செல்களைக் காப்பதும் அந்தக் கிடங்குதான்.

இந்த ஒரு சங்கதியைக் கையில் வைத்துக்கொண்டால், இப்போது பரிசுப்பொருள் கடைகளிலும் இணையத்திலும் விற்கும் வாக்ஸ் மெல்ட் என்ற சிறிய மெழுகுத் துண்டைப் புரிந்துகொள்வது சுலபம். பூ தன் இதழில் செய்வதைத்தான் அது ஒரு பீங்கான் கிண்ணத்தில் செய்கிறது.

பார்ப்பதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டைவிரல் அளவுக் கட்டிகளாக, அல்லது பூ, இதய வடிவ அச்சுகளில் வார்த்தவையாக இருக்கும். திரி இருக்காது. மின்சாரத்திலோ, அடியில் வைக்கும் சின்ன மெழுகுவத்தியிலோ சூடாகும் கிண்ணத்தில் ஒன்றிரண்டு துண்டுகளைப் போடுகிறோம். முதலில் துண்டின் அடிவிளிம்பில் கண்ணாடி போன்ற ஈரவளையம் ஒன்று தோன்றும். அது மெல்ல ஏறி, கூர்முனைகளை மழுக்கி, சில நிமிடங்களில் துண்டையே விழுங்கிவிடும். கால் மணி நேரத்தில் கிண்ணத்தில் இருப்பது தெளிந்த எண்ணெய் போன்ற ஒரு குளம். கொதிப்பதில்லை, குமிழி விடுவதில்லை, புகைவதில்லை. அறை முழுக்க எலுமிச்சைப்புல்லோ கிராம்போ மணக்கிறது. ஐந்தாறு மணி நேரம் கழித்து அணைத்துவிட்டால் மெழுகு பழையபடி உறைந்துவிடும். அளந்து பார்த்தால் ஏறத்தாழ போட்ட அளவே இருக்கும்.

மெழுகுவத்திக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். மெழுகுவத்தியில் மெழுகு எரிபொருள். உருகி, திரியில் ஏறி, ஆவியாகி, ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கும் மேலான சுடரில் எரிந்து தீர்கிறது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் மைக்கேல் பாரடே சிறுவர்களுக்கு நடத்திய புகழ்பெற்ற சொற்பொழிவுகள் முழுக்க அந்தச் சுடரைப் பற்றியவைதான். வாக்ஸ் மெல்ட்டில் அந்தச் சுடருக்கு வேலையே இல்லை. மெழுகு எரிவதும் இல்லை, ஆவியாவதும் இல்லை. போவது அதனுள் இருந்த வாசனை எண்ணெய் மட்டும். சாம்பிராணியும் கற்பூரமும் இந்த இரண்டிலும் சேராதவை. சாம்பிராணி தணலில் கருகிப் புகையாகிறது. கற்பூரம் உருகாமலேயே திடநிலையிலிருந்து நேராக ஆவியாகும். நம் வீடுகளில் பிளக்கில் செருகி வைக்கும் கற்பூர டிஃப்யூசர் அந்தக் குணத்தை வைத்துத்தான் ஓடுகிறது. வாக்ஸ் மெல்ட்டுக்கு நம்மூரில் நெருங்கிய உறவு என்றால் அதுதான்.

மெழுகு மணத்தைப் பிடித்துவைப்பது எப்படி? மெழுகு மூலக்கூறு நீளமானது. பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபின் மெழுகில் இருபது முதல் நாற்பது கார்பன் அணுக்கள் வரை வரிசையாகக் கோத்த சங்கிலிகள் இருக்கின்றன. திடநிலையில் அவை விறகுக் கடையில் அடுக்கிய கட்டைகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். வாசனை மூலக்கூறுகள் சிறியவை, பெரும்பாலும் பத்துக் கார்பன் அளவுதான். அவை அந்த அடுக்கின் இடைவெளிகளில் மாட்டிக்கொள்கின்றன. மேற்பரப்பில் இருப்பவை மட்டும் மெல்லக் கசிகின்றன. அதனால்தான் உறையைப் பிரித்த துண்டு அலமாரியில் மாதக்கணக்கில் லேசாக மணந்துகொண்டே இருக்கிறது. சூடு ஏறி மெழுகு உருகியதும் அடுக்கு குலைகிறது. உள்ளே மாட்டியிருந்தவை தாராளமாக நீந்தி மேலே வருகின்றன.

அதோடு வெப்பம் இன்னொரு வேலையும் செய்கிறது. ஒரு பொருள் ஆவியாகத் துடிக்கும் துடிப்பு வெப்பத்தோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை, மடங்கு மடங்காக ஏறும். மல்லிகையிலும் லாவெண்டரிலும் இருக்கும் லினலூல் என்ற வாசனைப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொதிநிலை 198 டிகிரி. கிண்ணத்தின் வெப்பம் அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை. ஆனால் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றினாலே அதன் ஆவியழுத்தம் ஏறக்குறைய பத்து மடங்காகிவிடுகிறது. அறை மணக்க அது போதும். கொதிக்கவைக்கத் தேவையில்லை, கொதிக்கவைக்கவும் கூடாது. அதிகச் சூட்டில் எண்ணெய் ஒரே மூச்சில் ஓடிப்போகும், மிச்சம் காந்தும்.

எண்ணெய் எவ்வளவு சேர்க்கலாம் என்பதிலும் இந்தக் கணக்கு உண்டு. மெழுகின் எடையில் ஆறிலிருந்து பத்து சதவீதம் வரை சேர்ப்பது தயாரிப்பாளர்களின் பொதுவான வழக்கம். அதற்கு மேல் போனால் மெழுகு ஏற்காமல் வியர்த்துக் கொட்டும். கலவையில் வாசனைப் பொருளின் பங்கு பாதியானால் அது வெளியேறும் வேகமும் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஆகவே ஒரு துண்டின் மணம் சட்டென்று நிற்பதில்லை, தேய்ந்துகொண்டே போகும். மேலும், எல்லாப் பொருட்களும் ஒரே வேகத்தில் போவதில்லை. ஆரஞ்சுத்தோலின் லிமோனீன் இலேசானது, முதலில் கிளம்பிவிடும். எலுமிச்சைப்புல்லின் சிட்ரால் அடுத்தது. வெட்டிவேரிலும் சந்தனத்திலும் உள்ளவை பதினைந்து கார்பன் கொண்ட கனமான மூலக்கூறுகள். அவை முதல் நாள் அடங்கியிருந்து, மற்றவை போன பிறகு மெதுவாகத் தலைகாட்டும். ஆரஞ்சும் வெட்டிவேரும் கலந்த ஒரு துண்டு முதல் மாலையில் பழக்கடை போலவும் மூன்றாம் மாலையில் நனைந்த வெட்டிவேர்த் தட்டி போலவும் மணப்பதற்குக் காரணம் இதுதான். நல்ல கலவைக்காரர் இந்த வரிசையை மனதில் வைத்தே எண்ணெய்களைத் தேர்ந்தெடுப்பார்.

மதுரையில் உட்கார்ந்து வாசனையைப் பற்றி எழுதும்போது மல்லியைத் தொடாமல் போக முடியாது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரையோடு திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களிலும் விளைகிறது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வரும் வரத்தைப் பொறுத்து விலை ஆடும் ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். பனிக்காலத்தில் மொட்டு பிடிக்காது, கிலோ ஆயிரங்களைத் தாண்டும். கோடையில் வரத்து பெருகினால் சில நூறு ரூபாய்க்கு இறங்கும். அப்போது மிஞ்சிய பூ சென்ட் ஃபேக்டரிக்குப் போகும்.

அங்கே நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வந்த மொட்டை உடனே கலனில் போட மாட்டார்கள். தரையில் பரப்பி, மலரும் வரை காத்திருப்பார்கள். மொட்டில் மணம் இல்லையே! இரவில் பூ விரிந்த பிறகுதான் வேலை தொடங்கும். துளையிட்ட தட்டுகளில் பூவை அடுக்கி, ஹெக்சேன் என்ற கரைப்பானால் கழுவுவார்கள். வாசனைப் பொருளும், இதழின் மேலிருந்த மெழுகும், கொஞ்சம் நிறமும் சேர்ந்து அதில் கரைந்து இறங்கும். ஹெக்சேன் 69 டிகிரியில் கொதித்துவிடும். அதை ஆவியாக்கி மீட்டுக்கொண்டு, கடைசித் துளியை வெற்றிடத்தில் உறிஞ்சிவிட்டால் அடியில் தேங்குவது மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் கெட்டியான ஒரு பொருள். தொழிலில் அதன் பெயர் கான்கிரீட். கத்தியால் கீறினால் வெண்ணெயும் மெழுகும் கலந்த பதத்தில் சுருண்டு வரும். கையில் எடுத்தால் விரல்சூட்டில் இளகும். ஏறக்குறையப் பாதி மெழுகு, பாதி மணம். 50 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும்.

யோசித்துப் பார்த்தால் இது பூ தானே வார்த்த வாக்ஸ் மெல்ட். செடி பூசிய மெழுகில் செடி செய்த மணம். மனிதன் செய்தது பிரித்தெடுத்தது மட்டும். இந்தக் கான்கிரீட்டைச் சாராயத்தில் கரைத்துக் குளிரவைத்தால் மெழுகு திரண்டு பிரியும். அதை வடிகட்டி, சாராயத்தையும் நீக்கிவிட்டால் அப்சல்யூட் என்ற தேன்பதமான திரவம் கிடைக்கும். உயர்ந்த வாசனைத் திரவியங்களுக்குள் போவது அதுதான். வடிகட்டிய பூமெழுகிலும் மணம் ஒட்டியிருக்கும், அதை மெழுகுவத்திக்கும் முகப்பூச்சுகளுக்கும் வாங்குகிறார்கள்.

இவ்வளவு சுற்று எதற்கு? எலுமிச்சைப்புல்லை வடிப்பதுபோல மல்லியை நீராவியில் வடித்தால் என்ன? வடித்தால் எண்ணெய் தேறாது, தேறுகிற கொஞ்சமும் வெந்த பூவின் வாடையோடு இருக்கும். ஆகவே கண்டிப்பாகச் சொன்னால், நீராவியில் நேரே வடித்த மல்லிகை எசென்ஷியல் ஆயில் சந்தையில் கிடைப்பது மிக அரிது. பெரும்பாலும் இருப்பது அப்சல்யூட். அதன் விலையை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் மல்லியிலிருந்து ஒன்றரைக் கிலோ கான்கிரீட் என்றும், அதில் பாதி அப்சல்யூட் என்றும் வைத்துக்கொள்வோம். பூ கிலோ 300 ரூபாய்க்கு மலிவாகக் கிடைத்தது என்றே இருக்கட்டும். பூவுக்கு மட்டும் மூன்று லட்சம். கிடைப்பது 750 கிராம். அதாவது ஒரு கிராமுக்கு 400 ரூபாய், இதில் கரைப்பான், கூலி, மின்சாரம், லாபம் எதையும் சேர்க்கவில்லை. 30 கிராம் மெழுகுத் துண்டில் எட்டு சதவீதம் சேர்த்தால் 2.4 கிராம். பூவின் விலையே ஆயிரத்தை நெருங்குகிறது. ஒரே ஒரு சதவீதம் சேர்த்தாலும் 120 ரூபாய். நூறு ரூபாய்க்கு ஆறு துண்டு கொண்ட மல்லிகை வாக்ஸ் மெல்ட் பாக்கெட் கிடைக்கிறது என்றால், அதில் மல்லி எவ்வளவு இருக்கும் என்று வாங்குகிறவரே முடிவு செய்துகொள்ளலாம்.

அதில் இருப்பது பெரும்பாலும் பென்சைல் அசிட்டேட். மல்லியின் மணத்தில் முக்கியப் பங்கு வகிக்கும் அதே மூலக்கூறு, தொழிற்சாலையில் செய்தது. அது கெட்ட பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். பூவில் உள்ளதும் ஆலையில் செய்ததும் அணுவுக்கு அணு ஒன்றேதான். ஆனால் மல்லி என்பது ஒரு மூலக்கூறு மட்டும் இல்லை. லினலூல் உண்டு, ஃபார்னசீன் உண்டு, இண்டோல் உண்டு. இந்த இண்டோல் அடர்த்தியாக இருந்தால் மலநாற்றம், துளியளவில் இருந்தால் பூவுக்கு உயிர். அது இல்லாத மல்லி சோப்பு வாசனையாகவே நின்றுவிடும். கடையில் விற்கும் மலிவான மல்லி வாசனை எதுவும் நம்மூர்ச் சரத்தின் மணத்தை எட்டாததற்கு இந்தச் சிறு பொருட்கள் இல்லாததுதான் காரணம். பொய்யான பெயர்ச்சீட்டு ஒட்டுவது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ஐந்து மாவட்டத்து விவசாயிகள் விடியலில் கொய்து கொண்டுவரும் பூவின் பெயரை, அந்தப் பூவே படாத பொருளுக்கு வைத்து இயற்கை என்று விற்பது நியாயமில்லை.

மணத்தைக் கொழுப்பில் பிடிக்கலாம் என்பது பழைய அறிவு. பிரான்சின் கிராஸ் நகரில் கண்ணாடித் தகட்டில் பன்றிக்கொழுப்பும் மாட்டுக்கொழுப்பும் கலந்து தடவி, அதன்மேல் மல்லிகைப் பூவைக் கவிழ்த்துவைத்து, நாள்தோறும் பழைய பூவை எடுத்துப் புதிய பூ வைத்து, வாரக்கணக்கில் மணத்தை ஏற்றினார்கள். பறித்த பின்னும் மல்லி மணத்தைச் சுரந்துகொண்டே இருக்கும் என்பதால் அந்த முறை அதற்கு அவ்வளவு பொருந்தியது. உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூரில் எள்ளையும் சமேலி என்ற மல்லிகை வகைப் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, எள் மணத்தை உறிஞ்சிய பிறகு செக்கில் ஆட்டினார்கள். கன்னோஜில் பூவை நீரில் வேகவைத்து வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கிப் பிடிக்கிறார்கள். மோதியா அத்தர் அப்படி வருவதுதான், அதன் பூ நம் குண்டுமல்லியின் இனம். கொழுப்பு, எள், சந்தனம் என்று இடத்துக்கு இடம் பிடிக்கும் பொருள் மாறுகிறது. பறந்துபோகத் துடிக்கும் ஒன்றை எண்ணெய்த்தன்மையுள்ள ஒன்றில் கரைத்து நிறுத்துவது எங்கும் ஒன்றுதான்.

மெழுகைத் தேர்ந்தெடுப்பதில் மதுரை வெயிலுக்கு ஒரு பேச்சு உண்டு. இப்போது பல வாக்ஸ் மெல்ட்டுகள் சோயா மெழுகில் வருகின்றன. சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியது. குளிர்நாடுகளுக்கு அது நன்றாகப் பொருந்தும். இங்கே சித்திரையில் நிழலிலேயே 40 டிகிரி தொடும். வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் 50ஐ எளிதாகத் தாண்டும். சோயா மெழுகில் பல வகைகள் 45 முதல் 55 டிகிரிக்குள் உருகிவிடும். கூரியரில் வந்த பூ வடிவத் துண்டு உறைக்குள் அடையாகிப் பரவியிருப்பதில் ஆச்சரியமில்லை. உருவம் கெட்டாலும் மணம் கெடாது என்பது ஒரு நிம்மதி, கத்தியால் வெட்டிப் பயன்படுத்தலாம். பாரஃபின் வகைக்கேற்ப 46 முதல் 68 டிகிரி வரை தாங்கும். தேன்மெழுகு 62இலிருந்து 64. ஆனால் அதற்குச் சொந்தத் தேன்வாசம் உண்டு, மெல்லிய எண்ணெய்களை அமுக்கிவிடும். நெல் தவிட்டு எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிரியும் தவிட்டு மெழுகு 77 டிகிரிக்கு மேல்தான் உருகும். தனியாகப் பயன்படுத்தினால் கல்லாக இருக்கும். சோயாவில் கொஞ்சம் கலந்தால் கோடையைத் தாங்கும் துண்டு கிடைக்கும். நெல் விளையும் நாட்டில் அரிசி ஆலையின் உபபொருள் ஒன்று இப்படிப் பயன்படுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

மெழுகைக் காலத்துக்கும் வேலைக்கும் தக்கபடி பக்குவம் செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் செப்புத் திருமேனிகளை வார்க்கும் முன் அதே உருவத்தை மெழுகில் செய்கிறார்கள். தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். குங்கிலியம் கூடினால் விறைப்பு, எண்ணெய் கூடினால் இளக்கம். செய்த உறுப்புகள் தொய்யாமல் இருக்கக் குளிர்ந்த நீரில் போட்டுவைப்பார்கள். வாக்ஸ் மெல்ட் செய்ய நினைப்பவர் அயல்நாட்டு வீடியோவைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பட்டறையில் ஒரு நாள் உட்காரலாம் என்பேன்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? எசென்ஷியல் ஆயில் என்றும் ஃபிராக்ரன்ஸ் ஆயில் என்றும் இரண்டு உண்டு. முதலாவது செடியிலிருந்து வடித்தது அல்லது பிழிந்தது, இரண்டாவது கலவைக்காரர் செய்தது. நேர்மையான தயாரிப்பாளர் எண்ணெயின் பெயரோடு செடியின் தாவரவியல் பெயரையும் எழுதுவார். எலுமிச்சைப்புல், நீலகிரித் தைலம், கிராம்பு, ஆரஞ்சு ஆகியவை மலிவாகவும் தாராளமாகவும் கிடைப்பதால் இவற்றில் கலப்படத்துக்கு ஆசை குறைவு. மரிக்கொழுந்து எண்ணெய் விலை கூடுதல்தான், ஆனால் பழமும் இலையும் கலந்த அதன் மணத்துக்கு ஈடு கிடையாது. மல்லி வேண்டுமென்றால் என் யோசனை, ஒரு முழம் வாங்கி வீட்டில் தொங்கவிடுவதுதான்.

பயன்படுத்துவதில் மூக்கைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நம் மூக்கில் ஏறக்குறைய நானூறு வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. அந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்ததற்காக ரிச்சர்ட் ஆக்செலும் லிண்டா பக்கும் 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த ஏற்பிகள் புதியதைச் சொல்லும், தொடர்ந்து இருப்பதைச் சொல்வதை நிறுத்திக்கொள்ளும். தலையில் பூ வைத்தவருக்குச் சற்று நேரத்தில் அந்த மணம் தெரியாமல் போவதும், பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரிவதும் இதனால்தான். வாக்ஸ் மெல்ட் போட்டு அரைமணி நேரத்தில் மணமே இல்லையே என்று இன்னும் இரண்டு துண்டு போடுகிறோம். மணம் அங்கேதான் இருக்கிறது, பழகிப்போனது நம் மூக்கு. வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

கூடுதலாகப் போடுவதில் செலவு மட்டும் பிரச்சினை இல்லை. சுடர் இல்லை, புகை இல்லை, ஆகவே காற்று சுத்தமாக இருக்கும் என்றுதான் பலகாலம் நம்பினார்கள். அதே பர்டியூ பல்கலைக்கழகத்தில் நுஸ்ரத் ஜங், பிராண்டன் போர் ஆகியோரின் குழு, சோதனைக்கென்றே கட்டிய ஒரு சிறிய வீட்டில் வாக்ஸ் மெல்ட்டுகளைச் சூடாக்கி அளந்து 2025இல் முடிவை வெளியிட்டது. மெழுகிலிருந்து கிளம்பும் டெர்பீன் வகை வாசனைப் பொருட்கள், வீட்டுக்குள் நுழைந்திருக்கும் ஓசோனோடு வினைபுரிந்து புதிய நுண்துகள்களை உருவாக்குகின்றன. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் பத்து லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கையில் மெழுகுவத்தியும் கேஸ் அடுப்பும் உண்டாக்குவதோடு ஒப்பிடத்தக்க அளவு. வாசனை சேர்க்காத மெழுகை உருக்கியபோது இந்தத் துகள்கள் உருவாகவில்லை. அவற்றில் பல, சில நானோமீட்டர் அளவே ஆனவை. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால் அவை நுரையீரலின் அடி ஆழம்வரை போகக்கூடியவை என்பது புரியும். எண்ணெய் இயற்கையா செயற்கையா என்பது இங்கே பேச்சே இல்லை. எலுமிச்சைத்தோலின் லிமோனீன் முழுக்க இயற்கையானது, ஓசோனோடு வினைபுரிவதில் அது முன்வரிசைக்காரன்.

இதிலிருந்து நம் ஊருக்கு ஒரு நடைமுறை பிறக்கிறது. வண்டிப்புகையும் கடும் வெயிலும் சேர்ந்தால் தரைமட்டத்தில் ஓசோன் உருவாகும். கோரிப்பாளையம் சந்திப்பிலிருந்து தல்லாகுளம் வரை ஊர்ந்து நிற்கும் வண்டிகளையும், நம் வெயிலையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஓசோன் உச்சத்துக்கு வருவது பிற்பகலில், வெயில் தாழ்ந்த பிறகு இறங்கிவிடும். ஆகவே மத்தியானத்தில் வாக்ஸ் மெல்ட் வேண்டாம். இரவு ஏழெட்டு மணிக்கு மேல், ஒரு துண்டு, ஒரு மணி நேரம், சன்னல் திறந்தபடி. ஏ.சி. போட்டு மூடிய சின்ன அறையில் இரவு முழுக்க விட்டுவைப்பது கூடவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை இருக்கும் அறை என்றால் வேண்டாம் என்பதே என் துணிவு. இதையே குழந்தையின் தலைக்குப் போடும் சாம்பிராணிப் புகைக்கும் சொல்வேன்.

பூனை வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இவ்வகை வாசனைப் பொருட்களை உடலிலிருந்து கழித்து வெளியேற்ற நம் கல்லீரல் பயன்படுத்தும் ஒரு நொதி பூனைக்குச் சரியாக வேலை செய்வதில்லை. நமக்கு இதமாக இருப்பது அதற்கு மெல்ல நஞ்சாகலாம். கூண்டுப் பறவைகளின் நுரையீரலும் அப்படியே, எளிதில் பாதிக்கப்படும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கிண்ணம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பூவும் பழமுமாக வார்த்த மெழுகு அவர்கள் கண்ணுக்கு மிட்டாய்தான். கற்பூரமோ நீலகிரித் தைலமோ கலந்த துண்டை விழுங்கிவிட்டால் வலிப்புவரை போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டிய விஷயம் அது.

பழைய எண்ணெயையும் நம்ப வேண்டாம். லினலூலும் லிமோனீனும் காற்றுப்பட்டு நாளாவட்டத்தில் ஆக்சிஜன் ஏறி, தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருட்களாக மாறுகின்றன. வீட்டிலேயே வாக்ஸ் மெல்ட் வார்ப்பவர்கள் எண்ணெயை அடர்நிறப் புட்டியில், வெயில் படாமல், முடிந்தால் ஃபிரிட்ஜில் வைத்துச் சில மாதங்களில் தீர்த்துவிடுவது நல்லது. வார்க்கும்போது மெழுகை நேரடித் தீயில் உருக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்க வேண்டும். அடுப்பை அணைத்து, மெழுகு சற்று ஆறிய பிறகே எண்ணெய் சேர்க்க வேண்டும். ஆரஞ்சு எண்ணெயின் ஆவி 50 டிகிரிக்குப் பக்கத்திலேயே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

மணம் தீர்ந்த மெழுகு மிச்சமாகும் என்று முன்பே சொன்னேன். அதைச் சூடாகத் தொட்டியில் கொட்டினால் குழாய் வளைவில் உறைந்து அடைத்துக்கொள்ளும், பிளம்பருக்குச் செலவு. உருகிய நிலையிலேயே பஞ்சு உருண்டைகளைப் போட்டால் உறிஞ்சிக்கொள்ளும். அல்லது ஆறவிட்டு, மறுபடி ஒரு நிமிடம் சூடேற்றினால் அடி மட்டும் இளகி மெழுகு வில்லையாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அந்த வில்லையை இறுகிப்போன மர இழுப்பறையின் ஓரத்திலோ, தைக்கும் நூலிலோ தேய்க்கலாம். பழைய திரி ஒன்றை நட்டு உருக்கி வார்த்தால் கரண்ட் போன ராத்திரிக்கு ஒரு மெழுகுவத்தி. கனமான மணப்பொருட்களில் கொஞ்சம் இன்னும் அதில் ஒட்டியிருக்கும். ஏற்றும்போது வெட்டிவேர் வாசம் வந்தால் அது அந்த மிச்சம்தான்.